படுத்தவர் யாரும் குறை சொன்னதில்லை

உலகத்தில் பொய் கலக்காத தொழில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருக்கிறது, அது ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுவது என்றார் குருமூர்த்தி. பாலில் தண்ணீர் கலக்கலாம், பருத்தியில் பாலியஸ்டர் கலக்கலாம், பிணத்தில் எதைக் கலப்பது என்று கேட்டார். கடைசியாக நெஞ்சில் கை வைத்து, “எங்க பொட்டியில படுத்தவங்க ஒருத்தர்கூட இன்னை வரைக்கும் ஒரு கொறை சொன்னதில்லீங்க” என்றார்.

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி மேலாளர் சிவபிரகாஷும் சிரிக்கவில்லை. சேலம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக எழும்பியிருந்த ஆஸ்பத்திரி அது. பிணவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டப் போகிறார்கள். ‘குளிர்பெட்டி தேவைக்கு’ என்று எழுதி, அதன் கீழே ஒரே ஒரு கைப்பேசி எண். அந்த எண் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வருடம் குருமூர்த்தி சாமியிடம் வைத்திருந்த ஒரே வேண்டுதல். அது கிடைத்துவிட்டால் பிறகு யார் வீட்டில் யார் சாகப் போகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே டீக்கடையில் உட்கார வேண்டியதில்லை.

“சந்தோசங்க” என்றார் சிவபிரகாஷ். “ஆனா எங்க மேனேஜ்மென்ட்ல படுத்தவங்களக் கேக்க மாட்டாங்க. நின்னவங்களத்தான் கேப்பாங்க. உங்க வெப்சைட்ல கஸ்டமருங்க கருத்து எழுதற எடம் இருக்குதுங்களா?”

“இல்லீங்களே.”

“வெச்சிருங்க. எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கோணும். ஜூன் மாசம் போர்டு எழுதறப்ப நாலு ஸ்டாருக்கு மேல இருந்தா உங்க நம்பர்தான்.”

குருமூர்த்திக்கு வெப்சைட் இருந்தது. திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் சௌமியா கல்லூரிப் புராஜெக்டுக்காகச் செய்தது. அதில் இரண்டு பெட்டிகளின் படமும், கடையை ஆரம்பித்த அப்பா கண்ணுசாமியின் மாலை போட்ட படமும் அடுத்தடுத்து இருந்தன. மாலை போட்டவர் கடைக்காரரா, பெட்டியில் படுத்தவருக்கு மாதிரியா என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் குழம்பத்தான் செய்யும்.

‘கண்ணுசாமி சாமியானா’ சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து கூரையை முட்டும். நடுவில் அண்டாக்களும் கரண்டிகளும். பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு பெட்டிகள். ஒன்றின் பெயர் புதுசு, இன்னொன்றின் பெயர் பழசு. நாற்காலியும் அண்டாவும் கல்யாணத்துக்கும் போகும், கருமாதிக்கும் போகும். பெட்டிக்கு மட்டும் ஒரே சோலி.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது சென்றாயன். குட்டியானை வண்டி ஓட்டுவதும் அவர்தான். எழவு வீட்டிலிருந்து பெட்டி திரும்பியதும் கண்ணாடி மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்ப்பார். அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். ஃபினாயில் ஊற்றிக் கழுவி, ஓரத்து ரப்பரைத் துணியால் துடைத்து, வெயிலில் காயப் போடுவார். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. பெட்டியிடமே பேசுவார். “உனக்கென்ன, நோகாம ஏசியில கெடக்கற. நாந்தான் வேவறேன்” என்பார்.

இந்தத் தொழிலில் பேச்சு குறைவு. எழவு வீட்டில் யாரும் யாரையும் ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறவர்களும் ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் திரும்ப வர வேண்டியதாகிவிடும். சென்றாயன் பெட்டியை இறக்கி, வயரைச் சொருகி, “வெச்சாச்சுங்க” என்பார். மறுநாள் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு வார்த்தை இல்லாமல் வண்டியை எடுப்பார். அவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெட்டி நன்றாகக் குளிர்ந்தது என்று பாராட்ட இதுவரை ஒருவரும் கடைப் படியேறியதில்லை. தொழிலில் சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்து வைத்து, தினமும் காலையில் வீட்டிலிருந்து கடைக்குக் கிளம்பும்போது குருமூர்த்தி தெருவே திரும்பிப் பார்க்கும்படி “வாரேன்” என்று மனைவி கோகிலவாணிக்குச் சொல்லிவிட்டுப் போவார். அப்படி வாய்மூடி நடந்துகொண்டிருந்த தொழிலுக்குத்தான் இப்போது நட்சத்திரம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சௌமியா கடையில் உட்கார்ந்துதான் அந்தப் பக்கத்தைச் செய்தாள். மடியில் கம்ப்யூட்டர், கையில் தட்டுவடை செட்.

“அப்பா, ஒரு போன் நம்பருக்கு ஒரு கருத்துதான் போட முடியும். நம்பருக்கு ஓடிபி போகும். கள்ளக் கருத்து வராது.”

“அதான் வேணும்.”

“வேண்டாததை நாம அழிக்கற மாதிரி வெக்கட்டுங்களா?”

“எதுக்குக் கண்ணு? அழிக்கறவன் கள்ளன். நானே நெனச்சாலும் அழிக்க முடியாத மாதிரி செஞ்சு போடு.”

“பொறகு மாத்தச் சொல்லக் கூடாது.”

“உங்கப்பன் பேச்சு மாறுவானா?”

அண்டா துலக்கிக்கொண்டிருந்த சென்றாயன் தலையைத் தூக்காமல், “மாற மாட்டாருங்க கண்ணு. மறந்துருவாரு, அவ்வளவுதான்” என்றார்.

அந்த நேரம் பார்த்து வெண்ணிலா வந்தார். கொங்கணாபுரத்துக்காரர். எழவு வீடுகளில் மைக் வைத்து ஒப்பாரி பாடுகிறவர். சொந்தமாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் வேனும் வைத்திருந்தார்.

“அண்ணா, மகுடஞ்சாவடி கேதத்துக்கு உங்க பொட்டிதான போயிருக்குது? எனக்கும் அங்கதான் பாட்டு. போன் பண்ணுனா அழுவறாங்களே தவிர வெவரம் சொல்ல மாட்டேங்கறாங்க. செத்தவங்க பேரு, எத்தன புள்ளைங்க, என்ன புடிக்கும். இந்த மூணையும் கேட்டுச் சொல்லுங்க.”

குருமூர்த்தி மகளைப் பார்த்தார். “பாத்தயா கண்ணு. மொகம் பாக்காதவளுக்கு மூணு கேள்வி கேட்டுப்போட்டு, என்னப் பெத்த தாயேன்னு மாருல அடிச்சுக்குவா. கடைக்குக் கடை ஆளு வெச்சு அஞ்சு ஸ்டார் எழுதிக்கறானுங்களே, அவனுங்களும் இந்தக் கட்சிதான். செத்தவளுக்கு என்ன புடிக்கும்னு அடுத்தவங்களைக் கேட்டு அழுவறது ஒரு பொழப்பா?”

“கூலிக்குத்தானுங்ணா அழுவறேன்” என்றார் வெண்ணிலா. “மறைச்சு வெச்சனா? மைக்ல பேரு சொல்லித்தான் அழுவறேன். ஆனா ஒண்ணுங்க. மொத ரெண்டு கேள்விக்கு டக்குனு பதில் வந்துரும். மூணாவதுக்குத்தான் நிப்பாங்க. பாதி ஊட்டுல புருசங்காரனைக் கேட்டா, சித்தெ இருங்கன்னு உள்ள போயி மருமகளைக் கேட்டுட்டு வாரான்.”

“அதெல்லாம் உங்க பக்கம் அம்முணி.”

“எல்லாப் பக்கமுந்தானுங்.”

டீ கொண்டுவந்த கோகிலவாணி டம்ளர்களை நாற்காலி மேல் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். யாரும் எதுவும் கேட்காததால் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கருத்துப் பக்கம் திறந்த வாரமே ஒரு சங்கடம். சௌமியா அந்தப் பக்கத்தின் வாசகங்களைத் தோழி ஒருத்தி செல்போன் கடைக்குச் செய்ததிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். பெட்டி திரும்பிய மறுநாள் வாடிக்கையாளருக்குத் தானாக ஒரு செய்தி போகும்: ‘எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. எங்கள் சேவை தங்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா? ஐந்து நட்சத்திரம் அளியுங்கள். விரைவில் மீண்டும் சந்திப்போம்.’

அப்பாவை எரித்துவிட்டு வந்து தலையில் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்த தேவூர்க்காரர் ஒருவர் பதில் எழுதினார்: ‘விரைவில் என்றால் எப்போது என்று சொன்னால் அம்மாவையும் தயார் செய்து வைக்கிறோம். ஒரு நட்சத்திரம்.’ மகுடஞ்சாவடியிலிருந்து இன்னொருவர்: ‘பெட்டி நன்று. என் பங்காளியைத் தலைமாட்டில் உட்கார விட்டது தவறு. இரண்டு நட்சத்திரம்.’

சௌமியா விழுந்தடித்துக்கொண்டு வாசகத்தை மாற்றினாள். குருமூர்த்தி அசரவில்லை. இரண்டையும் டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டினார். “உள்ளதைச் சொல்றாங்க. சொல்லட்டும். அழிக்கறமா பாருங்க” என்றார். ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். சொன்ன நேரத்துக்குப் பெட்டி வந்தது, வண்டிக்காரர் நாலு பேர் இல்லாத வீட்டில் தானே தூக்கிப் படுக்க வைத்தார், நாற்காலி உடையவில்லை. கத்திரி வெயில் பிறக்கும்போது கணக்கு நாலைத் தாண்டியிருந்தது. குருமூர்த்தி காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்.

ஜலகண்டாபுரத்திலிருந்து நர்மதா கூப்பிட்டது அப்படியொரு காலையில்தான். அம்மா அத்தாயி விடியலில் போய்விட்டார். தறி ஓட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். தம்பி அறிவழகன் மஸ்கட்டில் இருக்கிறான், மறுநாள் காலைதான் வந்து சேர முடியும். அதுவரை அம்மா முகம் கெடாமல் இருக்க வேண்டும்.

“வெச்சுத் தாரேன் தாயி. வெசனப்படாதே. ஐஸ்கிரீமாட்ட இருக்கும்” என்றார் குருமூர்த்தி.

சென்றாயன் புதுசைக் குட்டியானையில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாவது அழைப்பு வந்தது. சங்ககிரியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சுவாமிநாதனின் அப்பா இறந்துவிட்டார். குருமூர்த்தி போனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“டே, புதுசை எறக்கு. அது சுவாமிநாதன் ஊட்டுக்கு. பழசை ஏத்து.”

“மொதல்ல கேட்டது ஜலகண்டாபுரங்ணா.”

“அவரு மண்டபத்துல நம்ம நாற்காலிதாண்டா வருசம் பூராவும் கெடக்குது.”

“அவிய இன்னைக்குப் பொழுதோட எடுத்துருவாங்க. இவியதான் நாளைக்கு வரைக்கும் வெக்கோணும். பழசுல கூலிங் கேசு நிக்கறதில்லீங்க. போன மாசமே சொன்னேன்.”

“ஒரு நாள் தாங்கும்.”

“நீங்க சொன்னா நான் நம்பிக்கறேங்க. இந்த வெயிலுக்கு அது தெரியோணுமே.”

“நீ ஓட்டறயா, நான் ஓட்டிட்டுப் போவட்டா?”

சென்றாயன் கயிற்றை அவிழ்த்தார். புதுசு இறங்கியது. பழசு ஏறியது.

ஜலகண்டாபுரத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. அன்று காக்கை கத்துவது கேட்டது. தெருவில் ஒரு சாவு விழுந்துவிட்டால் பிணம் எடுக்கும்வரை ஒரு தறியும் ஓடாது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சேதி வந்ததும் அவரவர் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள்.

சென்றாயன் பெட்டியை வைத்து வயரைச் சொருகினார். உச்சிப்பொழுது வரை குளிர்ந்தது. பிறகு கண்ணாடியில் படிந்திருந்த பனி மெல்ல விலகியது. அடியில் விசிறி ஓடியது; ஆனால் வந்தது அனல். பெட்டியின் தலைமாட்டில் கை வைத்திருந்த நர்மதா நிமிர்ந்தார்.

“ஏனுங்ணா, சுடற மாதிரி இருக்குதே.”

“சித்தெ இரு சாமி.”

சென்றாயன் குனிந்து படுத்து உள்ளே பார்த்தார். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பார்த்தார். குருமூர்த்திக்குப் போன் செய்தார். சுவாமிநாதன் வீட்டில் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி காட்டிக்கொண்டிருந்த குருமூர்த்தி எடுக்கவில்லை. திரும்பவும் செய்தார். எடுக்கவில்லை. சென்றாயன் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டூர் ரோட்டுக்கு ஓட்டினார். அணையில் பிடிக்கும் மீனுக்குப் போகிற ஐஸ் பார்களைச் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் போட்டுக் கடப்பாறையால் உடைத்து, அத்தாயியின் தலை, தோள், கால் என்று சுற்றிலும் அடுக்கினார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது.

“என்னப்பா, மீன் கவுச்சி அடிக்குது” என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர்.

“இருக்கட்டுங்க மாமா” என்றார் நர்மதா. “அம்மாவுக்கு டேம் மீனுன்னா உசுரு. கெண்டை வாங்குனா தலையை யாருக்கும் தர மாட்டாங்க.”

அந்த வெயிலுக்கு ஐஸ் பொழுது சாயும்வரைகூடத் தாங்கவில்லை. முகம் மாறத் தொடங்கியதும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இதற்கு மேல் வைப்பது அந்த அம்மாளுக்கு மரியாதை இல்லை என்றார்கள். வெயில் தாழும்போது எடுத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த அறிவழகன், மூடுவதற்கு முன் முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று கத்தினான். நர்மதா போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் அவன் வந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போனான். அங்கே சென்றாயனும் நின்றிருந்தார். எதற்கு நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகு நர்மதா எழுதினார்:

‘தம்பி வரும்வரை அம்மாவை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் பெட்டி கேட்டோம். மதியத்திலேயே பெட்டி சூடாகிவிட்டது. தம்பி அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. வண்டி கொண்டுவந்த அண்ணன் ஐஸ் வாங்கி வந்து, சொந்த மகன் மாதிரி அம்மாவைச் சுற்றி அடுக்கினார். நான் போடும் ஒரு நட்சத்திரம் அவருக்கு மட்டும்.’

குருமூர்த்தி அதைச் சாமி படத்துக்கு முன்னால் நின்று படித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“கண்ணு, இதை எடுத்துரு.”

“எடுக்க முடியாதுங்கப்பா. நீங்கதான அப்பிடி வேணும்னீங்க.”

“அது சும்மா ஒரு பேச்சுக்கு.”

“கம்ப்யூட்டருக்குப் பேச்சு தெரியாதுங்க. எழுதுனது எழுதுனதுதான். வேணும்னா கீழ பதில் எழுதலாம்.”

குருமூர்த்தி பதில் எழுதினார்: ‘தங்கள் துயரில் பங்கேற்கிறோம். தறிகள் ஓடும் பகுதி என்பதால் மின்சாரம் குறைவாக வந்ததே காரணம். எங்கள் பெட்டியில் பழுது இல்லை.’

பதிலுக்கு நர்மதா ஒரே வரி எழுதினார்: ‘அம்மா செத்த அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.’

அதற்குப் பிறகு அந்தத் தெருவே எழுத ஆரம்பித்தது. அன்று சுவிட்சை அணைத்தவர்கள் ஒவ்வொருவரும் வந்து, நானும் நிறுத்தினேன், நானும் நிறுத்தினேன் என்று எழுதி ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டார்கள். கூலியை விட்டுவிட்டு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, உங்கள் தறியால்தான் பிணம் கெட்டது என்று சொன்னால் அவர்களும் என்னதான் செய்வார்கள். நாலுக்கு மேல் இருந்த கணக்கு சரிந்து சரிந்து, கடைசியில் இரண்டுக்குப் பக்கத்தில், காட்டச் சங்கடப்பட்டுக்கொண்டு அரை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டபடி நின்றது.

சிவபிரகாஷ் கூப்பிட்டார். “என்னங்க இது, மீன் ஐஸ் அது இதுன்னு எழுதியிருக்கறாங்க. படிச்சா எங்களுக்கே ஒரு மாதிரி இருக்குது. பொறுப்பு யாருதுன்னு ஒரு வெளக்கம் போட்டு, நடவடிக்கை எடுத்தோம்னு எழுதுங்க. அடுத்த வெள்ளிக்கிழம பெயின்டர் வாராரு.”

மறுநாள் காலையில் சென்றாயன் வழக்கம்போல வந்து பெட்டியின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குருமூர்த்தி அருகில் வந்து நின்று, நாற்காலி அடுக்கைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சென்றாயா, கொஞ்ச நாளைக்கு நீ வர வேண்டாம்.”

“என்னத்துக்குங்?”

“எழுதிப்போட்டேன்.”

“என்னன்னு?”

“ஊழியரோட கவனக்குறைவுன்னு. கேக்காம மீன் ஐஸ் வெச்சதுன்னு. உன்னய நிறுத்திட்டேன்னு.”

“எப்ப நிறுத்துனீங்க?”

“நேத்து.”

“நேத்து மண்டபத்துல நாற்காலி எறக்குனனே.”

“அது வேற. இது வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு நிறுத்துனது. ஆஸ்பத்திரியில போர்டு மாட்டட்டும். பொறகு வந்துக்க.”

சென்றாயன் துணியைப் பிழிந்தார். “அப்ப நான் உள்ளாறதான் இருக்கறேன். பாக்கறவங்களுக்குத்தான் இல்ல. நம்ம பொட்டியில படுத்தவங்களாட்ட.”

“வெளையாடாதடா.”

“வெளையாடலீங்ணா. கொறை சொல்லக் கூடாது, அவ்வளவுதான. சொல்லல.” ரப்பரின் நாலாவது பக்கத்தையும் துடைத்து முடித்தார். “பழசுக்குக் கேசு போட்டுருங்க. யாரு வந்தாலும் அது குளிராது.”

வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் கொங்கணாபுரத்துச் சாவொன்றில் அவர் வெண்ணிலாவின் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்ததாக டீக்கடையில் சொன்னார்கள். ஐந்தாறு நாளைக்குள் இன்னொரு பெட்டியா என்று யாரோ கேட்டதற்கு, இது பேசுற பொட்டிங்க என்றாராம்.

சௌமியா அப்பாவிடம் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து நட்சத்திரக் கணக்கில் பேசினாள்.

“சோறு எப்பிடிக் கண்ணு இருக்குது?”

“மூணு.”

“காலேஜு?”

“நாலு.”

“அப்பனை ஏன் பாக்க மாட்டேங்கற?”

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். கோகிலவாணிக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. ஆனால் சென்றாயன் வராதது தெரிந்தது. தினமும் அவருக்கென்று எடுத்து வைக்கும் மோர், பாத்திரத்திலேயே புளித்தது. “அந்த மனுசன் என்னதான் பண்ணிப்போட்டாரு” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். குருமூர்த்தி போனில் நட்சத்திரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் சிவபிரகாஷ் மறுபடியும் கூப்பிட்டார். மச்சானையும் கறிக்கடைக்காரரையும் டீக்கடைக்காரரையும் அந்த வட்டாரத்தில் போன் வைத்திருந்த மற்றவர்களையும் பிடித்து, குருமூர்த்தி அதற்குள் ஐந்து ஐந்தாக நட்சத்திரம் போட வைத்திருந்தார்.

“ஸ்டார் ஏறியிருக்குதுங்க, பாத்தேன். ஆனா எழுத்து ஒண்ணும் காணோம். எங்காளுங்க படிச்சுப் பாப்பாங்க. நீளமா எழுதுனதுதான் மேல நிக்கும் போல, இன்னும் அந்தம்மா எழுதுனதுதான் தெரியுது. அது மேல வர மாதிரி, மனசத் தொடற மாதிரி ஒண்ணு இருந்தா நான் பேசிக்குவேன். நாளைக்குக் காலையில பெயின்டர்.”

வெளியே அனல் அடித்தது. கூரைத் தகரம் சூட்டில் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. சௌமியா கல்லூரிக்குப் போயிருந்தாள். வீட்டில் கோகிலவாணி தரையில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. அந்த நம்பர் ஒன்றுதான் இன்னும் மிச்சம்.

கடையிலிருந்து வந்த குருமூர்த்தி நாற்காலியை மின்விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் போனைத் திறந்தார். பெயர் என்ற இடத்தில் சந்திரசேகர் என்று போட்டார். அது வாய்க்கு வந்த பெயர். நம்பருக்கு மனைவியின் நம்பர். பிறகு, ‘என் மனைவி திடீரென்று எங்களை விட்டுப் பிரிந்தாள்’ என்று எழுதினார். பெண் குழந்தை ஒன்று என்று எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை. எழுதினார், அழித்தார். இன்னும் எழுதினார், அதையும் அழித்தார். நல்ல மனைவி, பொறுமைசாலி என்றெல்லாம் வந்தது. யாருக்கும் யாரும் எழுதலாம் போல இருந்தது.

“கோகிலா.”

“சொல்லுங்க.”

“உனக்கு என்ன புடிக்கும்?”

கோகிலவாணி கீரையிலிருந்து நிமிர்ந்தார். “எதுக்குங்க?”

“சும்மாதான்.”

“காச்சல் ஏதும் அடிக்குதுங்களா?”

“சொல்லேன் புள்ள.”

அவர் கையிலிருந்த காம்பைக் கிள்ளிப் போட்டார். சிரிப்பு வந்ததை அடக்க முந்தானையால் வாயைத் துடைத்தார். வாசல் வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மேட்டூர் டேம்ல பதினாறு கண்ணும் தொறந்து தண்ணி போறதப் பாக்கோணுங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருக்கோணும். கலியாணமான புதுசுல ஒருக்கா கூட்டிட்டுப் போனீங்க. அன்னைக்கு ஒரு கண்ணுகூடத் தொறக்கல. வறுத்த மீனு வாங்கிக் குடுத்து, இன்னொருக்கா வரலாம்னு கூட்டியாந்துட்டீங்க.”

“ம்.”

“உங்களுக்கு நாவகம் இருக்காது.”

குருமூர்த்தி எழுதிக்கொண்டிருந்தார். இப்போது விரல் நிற்காமல் போயிற்று. ‘மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்துவிடுவதைப் பார்ப்பதென்றால் அவளுக்கு உயிர். சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வருடா வருடம் கூட்டிப் போவேன். இந்த வருடம் தண்ணீர் திறக்கும்போது அவள் இல்லை. அவள் முகத்தை எங்கள் மகள் வரும்வரை அப்படியே பூப்போல வைத்திருந்தது கண்ணுசாமி அவர்களின் பெட்டிதான்.’ கடைசி வரியை எழுதும்போது கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார்.

“ஏனுங்க, என்ற போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்குது.”

“படி.”

கோகிலவாணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எட்டி எடுத்தார். தூரமாகப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டாம் முறையும் சொன்னார். குருமூர்த்தி ஒவ்வொன்றாகத் தட்டினார். நட்சத்திரங்களை ஒன்று, இரண்டு என்று தொட்டு ஐந்தையும் மஞ்சளாக்கினார். நர்மதா எழுதியது ஒரு வரிசை கீழே இறங்கியது.

“இந்த வருசம் கண்ணு தொறப்பாங்களா?”

“மழை வந்தா தொறப்பாங்க.”

“கூட்டிட்டுப் போவீங்களா?”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கீரைக் காம்புகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டினார். கோகிலவாணி கீரையை விட்டுவிட்டு, தினமும் கேட்கும் அந்த ஒரு வார்த்தைக்காகத் தலையைத் தூக்கினார். குருமூர்த்தி எதுவும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, வெயிலில் நடந்தார்.